தென்னாப்பிரிக்காவில் குதிரை மருத்துவம் பார்ப்பவர்கள் புது விஷயங்களை எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

மலர்_ஹோவிக்:

எல்லாருக்கும் வணக்கம். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள். இப்போது குவாசுலு-நட்டாலில், ஹோவிக் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை. காலையில் பால் மாடுகள், மதியத்துக்கு மேல் நாய், பூனை, நடுநடுவே குதிரைகள். ஊரில் படிக்கும்போது குதிரையைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே குறைவு. இங்கே மிட்லேண்ட்ஸில் பண்ணைக்குப் பண்ணை குதிரை நிற்கிறது. பந்தயக் குட்டிகள், பள்ளிப் பிள்ளைகள் ஏறும் மட்டக்குதிரைகள், போலோ குதிரைகள் என்று எல்லா வகையும் உண்டு.

என் பிரச்சினை இதுதான். கால்நடை மருத்துவக் கவுன்சில் கேட்கும் தொடர்கல்விப் புள்ளிகளுக்காக வெபினார் பார்க்கிறேன். பேசுகிறவர் கென்டக்கியில் இருந்தோ இங்கிலாந்தில் இருந்தோ பேசுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் மறுநாள் லாயத்தில் நிற்கும்போது, கேட்டதில் எது இந்தக் குதிரைக்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மார்ச் மாதம் ஒரு வயதான மட்டக்குதிரையைப் பார்த்தேன். ஆண், காயடித்தது. முன்னங்கால் குளம்புகளில் லேசான சூடு, கல்தரையில் நடக்கத் தயங்குகிறது. கழுத்தில் கொழுப்பு மேடு. ரோமம் கொஞ்சம் அடர்த்தி, ஆனால் சுருளவில்லை. பிட்யூட்டரி கோளாறாக இருக்குமோ என்று, அந்தச் சுரப்பி விடும் ஏசிடிஎச் ஹார்மோனை ரத்தத்தில் பார்த்தோம், அதிகமாக வந்தது. அமெரிக்க அட்டவணையில் மார்ச் மாத வரிசையில் வைத்தால் நோய் உறுதி. குதிரையைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு உறுதியாகப் படவில்லை. அதற்கான பெர்கோலைட் மருந்தை ஆரம்பித்தால் வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும், உரிமையாளர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்.

இன்னொரு பண்ணையில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை எல்லாக் குதிரைக்கும் புழு மருந்து கொடுக்கிறார்கள். நிறுத்தச் சொல்லலாமா, வேண்டாமா?

நீங்கள் எதைப் படிக்கிறீர்கள்? முக்கியமாக, படித்ததை எப்போது நம்பி வழக்கத்தை மாற்றுகிறீர்கள்? சந்தா கட்டிப் படிக்கும் இதழ்களுக்கு என்னிடம் பணம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

குமரன்_போர்ட்லூயிஸ்:

மலர், வணக்கம். நான் மொரிஷியஸில் பந்தயக் குதிரைகளுடன் வேலை செய்கிறேன். இங்குள்ள ஷாம் தெ மார்ஸ் பந்தயத் திடலில் 1812-இலிருந்து குதிரை ஓடுகிறது. இன்று இங்கே ஓடுவதில் பெரும்பகுதி உங்கள் ஊரிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்தவை. அதனால் உங்கள் பக்கம் நடப்பது எனக்கு உள்ளூர்ச் செய்தி மாதிரி.

எனக்குப் பயன்படுவது இரண்டு. ஒன்று, ஐசிசி என்ற சர்வதேச நோய்த் தகவல் மையம் அனுப்பும் மின்னஞ்சல். எந்த நாட்டில் ஃப்ளூ, எங்கே ஹெர்பிஸ், எங்கே ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக் கட்டி நோய் என்று சுருக்கமாக வரும், காசு கிடையாது. குதிரை இறக்குமதி செய்யும் தீவில் இருப்பவன் இதைப் பார்க்காமல் காலை டீ குடிக்கக் கூடாது.

இரண்டாவது, மருந்து விதிகள். பந்தயக் குதிரைக்கு ஒரு ஊசி போடும்போது, அது உடம்பை விட்டு எப்போது போகும் என்பதும் சிகிச்சையில் சேர்த்தி. சர்வதேச பந்தயக் கூட்டமைப்பு மூன்றரை வயதுக்குக் குறைந்த குதிரைக்கு பிஸ்பாஸ்ஃபோனேட் என்ற எலும்பு மருந்தைக் கொடுக்கவே கூடாது என்கிறது. வளரும் எலும்பில் அது என்ன செய்யும் என்ற கவலைதான் காரணம். இப்படிப்பட்ட மாற்றங்களை ஆராய்ச்சி இதழில் தேடினால் தாமதமாகத்தான் கிடைக்கும், விதிப்புத்தகத்தில் முதலில் வந்துவிடும்.

உங்கள் மட்டக்குதிரைக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சண்முகம் ஐயா வருவார், அவர் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

---

சண்முகம்_மாரிட்ஸ்பர்க்:

மலர், முதலில் அந்த மட்டக்குதிரையைப் பார்த்துவிடுவோம். உன் கேள்விக்கான பதில் பாதி அதிலேயே இருக்கிறது.

ஏசிடிஎச் எல்லாக் குதிரைக்கும் இலையுதிர் காலத்தில் ஏறும். நோய் இல்லாத குதிரைக்கும் ஏறும். பகல் குறையக் குறைய பிட்யூட்டரி சுரப்பி செய்யும் வேலை அது. அமெரிக்காவில் அந்த ஏற்றம் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. நமக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அவர்கள் அட்டவணையில் மார்ச் என்றால் வசந்தம் தொடங்கும் மாதம், அளவு தாழ்ந்திருக்கும். உன் குதிரை நின்றது ஹோவிக்கில், இலையுதிர் காலத்தின் உச்சத்தில். அந்த எண்ணை எடுத்து அவர்களுடைய செப்டம்பர் வரிசையில் வைத்துப் பார். உறுதி என்று தெரிந்தது சந்தேகம் என்ற கட்டத்துக்கு இறங்கினாலும் இறங்கும். இறங்காமல் அங்கேயும் மேலே நின்றால் நோய்தான், தயங்காமல் மருந்தை ஆரம்பி.

ரத்தம் எடுத்த விதத்தையும் பார்த்துக்கொள். ஊதா மூடி இடிடிஏ குழாய், உடனே ஐஸ் பெட்டி, மாரிட்ஸ்பர்க்குக்கோ டர்பனுக்கோ அனுப்புவதற்கு முன்பே சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்திருக்க வேண்டும். குழாய் கார் டாஷ்போர்டில் வெயிலில் கிடந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை. குதிரை கடும் வலியில் இருந்தாலும் அளவு கூடும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நீ எழுதிய கழுத்துக் கொழுப்பு. இன்சுலின் பார்த்தாயா? புல் தின்று இன்சுலின் ஏறி, அதனால் குளம்பு வெந்துபோகிற குதிரைகள்தான் இப்போது நாம் பார்க்கும் லேமினைட்டிஸில் (குளம்பு அழற்சியில்) பெரும்பங்கு. இந்தப் புரிதல் கடந்த இருபது ஆண்டுகளில் வந்தது. நான் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்தபோது தானியத்தை அதிகமாகத் தின்றதால் வருவது என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. இன்சுலினுக்கு ரத்தம் எடுக்கும் நாளில் நான்கு மணி நேரம் முன்னால் தானியம் வேண்டாம், உலர்புல் போடலாம். இன்சுலின் கூடியிருந்தால் முதல் மருந்து தீனிதான்: மேய்ச்சலைக் கட்டுப்படுத்து, உலர்புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் போடு, உடம்பைக் குறை. மனிதர்களின் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் எர்டுகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைக் குதிரைக்குக் கொடுத்து இன்சுலினை இறக்குகிறார்கள் இப்போது. நல்ல பலன் தெரிகிறது. ஆனால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறிவிடும், சில குதிரைகளில் ஆபத்தான அளவுக்கு. ரத்தம் எடுத்துக் கண்காணிக்க வசதி இல்லாத பண்ணையில் நான் அதைத் தொடமாட்டேன். ஒரு புது மருந்து நல்லதா என்று கேட்பதோடு, அது கெட்டது செய்தால் எனக்கு எப்படித் தெரியவரும் என்றும் கேட்டுக்கொள்வேன். இரண்டாவதற்கு விடை இல்லையென்றால் காத்திருப்பேன்.

எக்வைன் எண்டோகிரைனாலஜி குரூப் என்று ஒரு நிபுணர் குழு இருக்கிறது. ஏசிடிஎச், இன்சுலின் இரண்டுக்கும் அவர்கள் பரிந்துரைகளை இலவசமாகப் போட்டு, அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். அதை அச்சடித்து வண்டியில் வை. மாதப் பெயர்களை மட்டும் பேனாவால் அடித்து, ஆறு மாதம் தள்ளி எழுதிக்கொள். என் வண்டியில் இருப்பதும் அப்படித் திருத்திய தாள்தான்.

வடக்கேயிருந்து வரும் எல்லாவற்றையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உடலியல் பொதுவானது. பருவம், புல், பூச்சி, வைரஸ் நம்முடையவை. இந்த நான்கையும் மாற்றி வைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்.

புழுவுக்கு வருவோம். நிறுத்தச் சொல்லலாமா என்றால், ஆம், சொல்ல வேண்டும். ஆனால் வெறும் வாயால் சொன்னால் பண்ணைக்காரர் கேட்கமாட்டார், எண்ணிக் காட்ட வேண்டும். குதிரையின் புது லத்தியைக் கையுறைக்குள்ளேயோ ஜிப் பையிலோ எடுத்து, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, குளிர்பெட்டியில் வை. சூட்டில் விட்டால் முட்டை பொரிந்துவிடும், எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. நான்கு கிராம் லத்தி, இருபத்தாறு மில்லி நிறையுப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி வடிகட்டி, முட்டை எண்ணும் மெக்மாஸ்டர் கண்ணாடியின் இரண்டு அறையிலும் நிரப்பு. சில நிமிடம் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து கோட்டுச் சதுரங்களுக்கு அடியில் வந்து ஒட்டும். இரண்டு அறையிலும் எண்ணி 25-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை. பண்ணைக்காரரையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல். மெல்லிய ஓடும் உள்ளே திராட்சைக் குலை மாதிரி செல்களுமாக அது தெரியும்போது அவர் முகம் மாறும்.

மருந்து கொடுத்த பதினாலாம் நாள் மறுபடி எண்ணு. இதில்தான் உண்மை வெளியே வரும். பென்சிமிடசோல் வகை மருந்துகள் சின்ன ஸ்ட்ராங்கைல் புழுக்களிடம் பல பண்ணைகளில் தோற்றுவிட்டன. ஐவர்மெக்டின் கொடுத்தால் முட்டை திரும்பத் தலைகாட்ட முன்பெல்லாம் இரண்டு, மூன்று மாதம் ஆகும். இப்போது பல நாடுகளில் ஐந்து வாரத்திலேயே வந்துவிடுகிறது. குட்டிகளின் உருண்டைப் புழுவிடம் ஐவர்மெக்டினே எடுபடாத பண்ணைகள் உண்டு. புது வகை மருந்து எதுவும் வரிசையில் நிற்கவில்லை. இருப்பதைக் கெடுத்துவிட்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக் குதிரைகளுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கமான ஏஏஈபி தன் புழுக்கட்டுப்பாட்டு வழிகாட்டியை 2024-இல் புதுப்பித்தது, இலவசம்தான். அதிலும் பருவத்தை மாற்றிப் படி. நமக்கு லார்வா பெருகுவது கோடை மழையில். கேப் டவுன்காரருக்குக் குளிர்கால மழை, அவர் கணக்கு வேறு. ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி.

இன்னொன்று, வடக்குப் புத்தகங்கள் கிகுயூ புல்லைப் பற்றி அதிகம் பேசாது. நம் மிட்லேண்ட்ஸ் முழுக்க அதுதான். அதிலும் செடேரியா புல்லிலும் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைக் கட்டிவிடும். முகத்து எலும்பு இருபுறமும் வீங்கி, ஒரு நாள் ஒரு காலும் மறுநாள் வேறு காலுமாக நொண்டும் குதிரையைப் பார்த்தால் எக்ஸ்ரேக்கு முன்னால் மேய்ச்சல் நிலத்தைப் பார். அதேபோல், தள்ளாடுகிற, மிரளுகிற குதிரை வந்தால் வாய்க்குள் கையை விடாதே. குவாசுலு-நட்டாலில் நாய் வெறிநோய் ஓயவில்லை, குதிரைக்கும் வரும். வெஸ்ட் நைல், பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் எல்லாம் அதற்கு அடுத்த யோசனை.

படிக்க எங்கே போவது? காசு இல்லாமலே நிறையக் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழும் ஆண்டர்ஸ்டபூர்ட் ஆராய்ச்சி இதழும் திறந்த அணுக்கத்தில் உள்ளன. ஜேவிஐஎம் என்ற கால்நடை உள்மருத்துவ இதழும் அப்படியே. வயிற்றுப்புண், ஆஸ்துமா பற்றிய நிபுணர் குழு அறிக்கைகள் அதில் வருகின்றன. ஐவிஐஎஸ் என்ற கால்நடை மருத்துவத் தகவல் தளத்தில் மாநாட்டுக் கட்டுரைகள் கிடைக்கும். கென்டக்கி பல்கலைக்கழகத்தின் காலாண்டு நோய் மடல் இலவசம். எல்லாவற்றையும் படிக்கப் பார்க்காதே, தலைக்கு மேல் போய்விடும். இந்த வாரம் உன்னைக் குழப்பிய குதிரை எதுவோ, அதைப் பற்றி ஒரு நல்ல அறிக்கையை முழுசாகப் படி. அப்படிப் படித்தது மறக்காது. வருடத்துக்கு ஒரு முறை நம் குதிரை மருத்துவர் சங்க மாநாட்டுக்குப் போ. உரைகளைவிட, பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவர் தன் பண்ணையில் என்ன பார்த்தார் என்று கேள்.

---

மலர்_ஹோவிக்:

ஐயா, ரொம்ப நன்றி. செப்டம்பர் வரிசையில் வைத்துப் பார்த்தேன், சந்தேகக் கட்டத்தில்தான் வருகிறது. இன்சுலினுக்கு வியாழக்கிழமை ரத்தம் எடுக்கிறோம். உரிமையாளர் இன்றே மேய்ச்சலை நிறுத்திவிட்டார். மெக்மாஸ்டர் கண்ணாடி கிளினிக் அலமாரியில் ஆட்டுப் பரிசோதனைக்கு வாங்கியது கிடக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

சின்னக் கடி ஈக்கள் பரப்பும் வைரஸ் நோயான ஆப்பிரிக்கக் குதிரை நோய் பற்றி ஒரு கேள்வி. தடுப்பூசி வைரஸே நோயைக் கிளப்பியது என்று ஒரு ஆய்வு வந்ததாமே? பண்ணைக்காரர் ஒருவர் அதைக் காட்டி ஊசியே வேண்டாம் என்கிறார்.

---

சண்முகம்_மாரிட்ஸ்பர்க்:

அந்த ஆய்வு உண்மை. 2016-இல் வந்தது. மேற்கு கேப்பின் கட்டுப்பாட்டு மண்டலத்தில் 2004 முதல் 2014 வரை வந்த சில பரவல்களை மரபணு வழியாகப் பார்த்தார்கள். உயிருள்ள தடுப்பூசி வைரஸ்கள் வீரியம் திரும்பப் பெற்றும், ஒன்றோடொன்று கலந்தும் அவற்றைக் கிளப்பியிருந்தன. ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டியது ஊசி போடும் காலத்தைப் பற்றியது. சின்னக் கடி ஈக்கள் குறைந்திருக்கும் ஜூன் முதல் அக்டோபருக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், அப்போது ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்ல ஈ இருக்காது. கட்டுப்பாட்டு மண்டலத்தில் இன்னும் கடுமையான விதி, அனுமதி வாங்கித்தான் போட முடியும்.

நம் பக்கம் ஊசி இல்லாமல் விடுவது குதிரையைச் சாகக் கொடுப்பதற்குச் சமம். நுரையீரல் வகை வந்தால் நூற்றில் ஐந்து பிழைத்தால் அதிகம். ஆண்டர்ஸ்டபூர்ட் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தை ஆர்னால்ட் தைலர் 1908-இல் தொடங்கியதற்கே இந்த நோய் ஒரு முக்கியக் காரணம். (அவர் மகன் மாக்ஸ்தான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு 1951-இல் நோபல் வாங்கியவர். வைரஸை எலி மூளையில் வளர்த்துப் பழக்கும் அவருடைய வழியைத்தான் முப்பதுகளில் இங்கே குதிரை நோய்க்கும் பயன்படுத்தினார்கள்.) ஊசி போடாத நாட்டில் இது நுழைந்தால் என்ன ஆகும் என்று தாய்லாந்து 2020-இல் பார்த்தது. ஐந்நூறுக்கும் மேல் குதிரைகள் போயின. பண்ணைக்காரரிடம் அந்த ஆய்வை முழுசாகப் படித்துக் காட்டு.

---

தேவன்_சம்மர்வெல்ட்:

டாக்டர்மாருக்கு வணக்கம். நான் மருத்துவன் இல்லை. சம்மர்வெல்ட் பயிற்சி மையத்தில் லாய மேலாளர். என் தமிழ் பாட்டியிடமும் சாட்ஸ்வொர்த் தமிழ்ப் பள்ளியிலும் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படிப்பது லாயப் பையன்கள் வரைக்கும் வந்து சேரணும். குதிரையைக் காலையிலும் மாலையிலும் தொடுகிறவர்கள் அவர்கள்தான். எங்கள் லாயத்தில் பிப்ரவரி முதல் உறைபனி விழும் வரைக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நாளைக்கு இரண்டு முறை வெப்பம் பார்க்கிறோம். கதவில் தாள் தொங்கும், ஜூலு மொழியில் எழுதியது. 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சிவப்புப் பேனா, உடனே எனக்கு போன். குதிரை நன்றாகத் தின்றுகொண்டிருக்கும், கண்ணுக்கு மேலே உள்ள குழி வீங்கியிருக்காது, மூக்கில் நுரை இருக்காது, ஆனால் காய்ச்சல் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் பிடித்து ஓய்வில் போட்டால்தான் வாய்ப்பு. காய்ச்சலோடு ஓட்டினால் குதிரை போய்விடும்.

சூரியன் இறங்கும் முன்பே உள்ளே கட்டிவிடுவோம், காலையில் வெயில் நன்றாக வந்த பிறகுதான் வெளியே விடுவோம். ஜன்னலுக்கு நெருக்கமான வலை, உள்ளே மின்விசிறி. அந்த ஈ காற்றில் பறக்கச் சிரமப்படும் என்று ஒரு டாக்டர் சொல்லிக்கொடுத்தார், அதிலிருந்து விசிறியை நிறுத்துவதில்லை.

ஒரு கேள்வி. ஊசி போட்ட பிறகு சில குதிரைக்குக் காய்ச்சல் வருகிறது. அப்போதும் டாக்டரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கணுமா, ஊசிக் காய்ச்சல் என்று விட்டுவிடலாமா?

---

சண்முகம்_மாரிட்ஸ்பர்க்:

தேவன் தம்பி, கூப்பிடணும். ஊசிக் காய்ச்சல் லேசாக வரும், போகும். ஆனால் அது ஊசியால்தான் வந்தது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உண்ணி பரப்பும் பிலியரி என்ற ரத்த ஒட்டுண்ணி நோயாகவும் இருக்கலாம், உண்ணிக் காலத்தில் அது சகஜம். ரத்தத் தடவலிலேயே பல நேரம் தெரிந்துவிடும். இடிடிஏ குழாயில் ரத்தம் எடுத்து பிசிஆர் அனுப்பும்போது, படிவத்தில் ஊசி போட்ட தேதியையும் இரண்டு புட்டியாக வரும் அந்த ஊசியில் போட்டது முதல் புட்டியா, இரண்டாம் புட்டியா என்பதையும் கட்டாயம் எழுதச் சொல். ஊசி வைரஸையும் பிசிஆர் பிடித்துவிடும். தேதி இல்லாவிட்டால் ஆய்வகத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கவே தோன்றாது. பாசிட்டிவ் வந்தால் அரசுக் கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டியது சட்டம், அதை உங்கள் மருத்துவர் பார்த்துக்கொள்வார். அதுவரை அந்தக் குதிரைக்கு வேலை கொடுக்காதீர்கள், நடைப்பயிற்சிகூட வேண்டாம்.

அப்புறம், அந்த ஜூலு தாளை ஒரு படம் எடுத்து இங்கே போட முடியுமா? மலர் கிளினிக்குக்கும் என் பண்ணைகளுக்கும் அது வேண்டும்.